சுல்மாவின் பிளாஸ்டர் சாட்சிகள்

சுல்மா சுக்கிமியாவுக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்த செய்தி வந்தபோது அவளுடைய அம்மா தோன்யா பெத்ரோனா ஆப்பி அண்டாவைக் கிளறிக்கொண்டிருந்தாள். ஊதாச் சோளத்தில் காய்ச்சும் அந்தக் கஞ்சியைக் கை ஓயாமல் கிளறாவிட்டால் கட்டி தட்டிவிடும். ஆகவே சந்தோஷப்படுவதையும் கிளறிக்கொண்டேதான் செய்ய வேண்டியிருந்தது.

"என்ன படிப்புடி அது?"

"சூழல் நிலவியல். இயற்கை இடர்கள். மண்ணு ஏன் சரியுது, எங்க சரியும்னு படிக்கிறதும்மா."

"படிச்சா சரியாம இருக்குமா?"

"சரியும். ஆனா ஏன்னு தெரியும்."

"ஏன்னு தெரிஞ்சுக்கிட்டே உருண்டு போறதுக்கு அஞ்சு வருஷம் பீஸா?" என்று கேட்டாள் பெத்ரோனா. "நர்ஸுக்குப் படிச்சிருந்தா விழுந்தவங்களுக்குக் கட்டாவது போடலாம்."

அவர்கள் இருந்த ஆல்டோ மிராசோல், லா பாஸ் நகரத்தின் கிழக்குச் சரிவில் தொற்றிக்கொண்டிருந்த ஒரு குடியிருப்பு. ஒரு வீட்டின் கூரை மட்டத்தில் அடுத்த வீட்டின் வாசல் இருக்கும். அடியில் களிமண், களிமண்ணுக்கு அடியில், எங்கிருந்து வருகிறது என்று யாரும் கேட்காத ஊற்றுத் தண்ணீர். ஒவ்வொரு மழைக்காலத்திலும் ஏதாவதொரு சுவர் கொஞ்சம் முன்னே வரும். ஆனால் "சரியுது" என்ற சொல்லை அங்கே யாரும் வாயில் எடுப்பதில்லை. எடுத்தால் வீட்டு விலை விழும். "வீடு உக்காருது" என்பார்கள். நின்று நின்று களைத்துப்போன வீடு உட்காருவதில் யாருக்கு என்ன குறை?

பல்கலைக்கழகத்தில் சுல்மாவின் துறைக்கென்று ஒரு கட்டடம் இருந்தது. அதன் மாடிப்படிச் சுவரில் கீழிருந்து மேல்வரை ஒரு விரிசல் ஓடியது. முதலாண்டு மாணவர்கள் அதை அளப்பார்கள், இரண்டாம் ஆண்டில் வரைவார்கள், மூன்றாம் ஆண்டில் அதற்குக் காரணம் எழுதுவார்கள். ஒரு விடுமுறையில் நிர்வாகம் ஆள் விட்டு அதைப் பூசி மறைத்தபோது, பாடக் கருவியை அழித்துவிட்டார்கள் என்று துறையே வேலைநிறுத்தம் செய்தது. அடுத்த மழையில் விரிசல் திரும்ப வந்தது. வகுப்புகளும் நடந்தன.

அங்கே பெரிய தலை டாக்டர் உர்கிதி. "இயற்கைப் பேரழிவு என்று ஒன்று கிடையாது. இயற்கை தானாக வருவது, அழிவு நாம் கட்டிவைப்பது" என்று ஒவ்வொரு பருவத்தின் முதல் வகுப்பிலும் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொல்வார். பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பள்ளத்தாக்கின் விளிம்பில் மூன்று மாடி உயரத்துக்குத் தான் கட்டியிருக்கும் வீட்டுக்குப் போவார். அங்கிருந்து பனிமலை அழகாகத் தெரியும். ஒரு மாணவன் துணிந்து கேட்டதற்கு, "அபாயத்தை அறிந்து வசிப்பது வேறு, அறியாமல் வசிப்பது வேறு தம்பி" என்றாராம்.

மூன்றாம் ஆண்டில் இடர் வரைபடம் போடச் சொன்னார்கள். பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று நான்கே நிறங்கள். வரைபடம் கைக்கு வந்ததும் எல்லோரும் முதலில் தேடுவது தங்கள் சொந்த வீட்டைத்தான். உண்மையில் அந்தப் பாடத்தின் தேர்வு அதுதான். சுல்மாவின் வீடு சிவப்பில் வந்தது. மற்றவர்கள் ரப்பரைத் தேடிக்கொண்டிருந்தபோது அவள் சிவப்பை இன்னொரு தடவை அழுத்தித் தீட்டினாள். அப்படிப்பட்ட பெண் அவள். இது குணமா கோளாறா என்பதில் தெருவில் இரண்டு கட்சி உண்டு.

பெத்ரோனா வரைபடத்தைத் தூரப் பிடித்துப் பார்த்தாள். "மஞ்சளாக்க முடியாதா? மஞ்சள்னா கொஞ்சம் வெளிச்சமா இருக்கும்ல."

இறுதியாண்டு ஆய்வுக்குச் சுல்மா தன் தெருவையே எடுத்துக்கொண்டாள். முறை எளிமையானது. சுவர் விரிசலுக்குக் குறுக்கே உள்ளங்கையளவு பிளாஸ்டரைப் பூசி, அதன் மேல் தேதி எழுதிவிட வேண்டும். பிளாஸ்டருக்கு நெளியத் தெரியாது. சுவர் மயிரிழை நகர்ந்தாலும் வெடித்துவிடும். அதனால் அதற்குச் சாட்சி என்று பெயர். இதைவிட நுட்பமான மின்கருவி ஒன்றும் துறையில் இருக்கத்தான் செய்தது. திறப்பு விழா முடிந்த கையோடு அதைக் கண்ணாடி அலமாரியில் வைத்துப் பூட்டினார்கள். சாவியோடு ஒருவர் ஓய்வுபெற்றுப் போய்விட்டார்.

சிக்கல் பிளாஸ்டரில் இல்லை, சுவர்க்காரர்களிடம் இருந்தது. குடியிருப்புச் சங்கத் தலைவர் காசிமிரோ லைமேயை மரியாதைக்குத் தோன் காசிமிரோ என்பார்கள், பெண்களானால் தோன்யா. அவர் முதல் நாளே கையை விரித்தார்.

"விரிசலா? நம்ம தெருவுல யாரு வீட்டுலயும் விரிசல் கிடையாது மகளே. சுருக்கம் இருக்கலாம். வயசானா யாருக்கும் வர்றதுதானே?"

"சரி தோன் காசிமிரோ, சுருக்கத்துமேல கொஞ்சம் பூசிக்கிறேன்."

"பூசினா, இருக்குன்னு ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்."

ஒரு வாரம் கதவு கதவாக அலைந்த பிறகுதான் சுல்மாவுக்கு அந்த யோசனை வந்தது. ஆல்டோ மிராசோலில் எதற்கும் ஒரு ஞானத்தகப்பன், ஒரு ஞானத்தாய் உண்டு. கல்யாணக் கேக்குக்கு, பாண்டு வாத்தியத்துக்கு, கூரைத் தகரத்துக்கு, கால்பந்துச் சட்டைக்கு என்று யாரையாவது செலவையும் பொறுப்பையும் ஏற்கச் சொல்வார்கள். கேட்டால் மறுக்க முடியாது. மறுத்தவர் வீட்டு விசேஷத்துக்கு நாய்கூட வராது. சுல்மா ஒரு கூடை ரொட்டியும் பீர் பாட்டில்களும் வாங்கிக்கொண்டு கிளம்பினாள். "உங்க சுவத்துல ஒரு சாட்சி வைக்கப் போறேன். நீங்கதான் ஞானத்தாயா இருக்கணும்" என்றாள்.

தெரு முழுக்கச் சம்மதித்தது. ஒவ்வொரு பிளாஸ்டருக்கும் சாராயம் தெளித்து, வண்ணக் காகிதத் துணுக்குகளைத் தூவி, பெயர் வைத்தார்கள். காசிமிரோவின் மனைவி தோன்யா ஒர்தென்சியா தன் வீட்டுச் சாட்சிக்கு இரண்டு பெயர் வைத்து, தட்டு நிறையப் பன்றிக்கறி பரிமாறினாள். டாக்டர் உர்கிதி ஆய்வறிக்கையின் ஓரத்தில் "முன்மாதிரியான சமூகப் பங்கேற்பு" என்று எழுதினார்.

அதன் பிறகு மாதத்தின் முதல் சனிக்கிழமை தோறும் சுல்மா வீடு வீடாகப் போய்ப் பார்த்தாள். ஒன்றுகூட உடையவில்லை. மழைக்காலம் வந்தது. கதவுகள் மூட மறுத்தன, படிக்கட்டு ஒன்று பக்கத்து வீட்டுக்குள் நுழைந்தது, புதிய விரிசல்கள் பிறந்தன. சாட்சிகள் மட்டும் பால்போல் வெள்ளையாக, முழுசாக இருந்தன. புழுதி பறக்கும் தெருவில் அவை இவ்வளவு சுத்தமாக இருப்பது எப்படி என்று ஒருமுறை அவளுக்குத் தோன்றத்தான் செய்தது. துடைத்து வைக்கிறார்கள் போலிருக்கிறது என்று நினைத்து நன்றி சொன்னாள். எல்லோரும் அடக்கமாகச் சிரித்தார்கள்.

"சார், எனக்கு நம்ப முடியலை" என்றாள் உர்கிதியிடம்.

"தரவு பேசும்போது ஆய்வாளர் வாயை மூடிக்கொள்ள வேண்டும்" என்றார் அவர்.

ஆக, சரிவு அசையவில்லை என்று ஆய்வு முடிந்தது. செய்தி கேட்டுக் காசிமிரோ ரொட்டி வாங்கிக்கொண்டு வீட்டுக்கே வந்தார். தெருவின் மேல்முனைக் காலி மனையில் சங்கத்துக்கு ஒரு விழா மண்டபம் கட்டுவது அவருடைய கனவு. இரண்டு மாடி, வெளியே பச்சைக் கண்ணாடி, உள்ளே சரவிளக்கு. நிலத்தைப் பற்றிய ஆய்வு இல்லாமல் வரைபடத்தில் கையெழுத்துப் போட மாட்டேன் என்று கட்டடப் பொறியாளர் முரண்டு பிடித்துக்கொண்டிருந்தார்.

"இப்ப நம்மகிட்டயே ஆய்வு இருக்கு!" என்றார் காசிமிரோ. "சீக்கிரம் பட்டத்த வாங்கு இஞ்சினியரம்மா. முதல் விசேஷம் உன்னுதுதான்."

காலி மனைக்கு நேர் கீழே இருந்தது பெத்ரோனாவின் வீடு.

வாய்மொழித் தேர்வுக்கு இரண்டு நாள் முன்னால் உர்கிதி, அட்டைப் படத்துக்கு ஒரு நல்ல சாட்சியின் புகைப்படம் வேண்டும் என்றார். சுல்மா காசிமிரோவின் வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டினாள். உள்ளே ஏதோ உருளும் சத்தம்.

"யாரது?"

"நான்தான் தோன்யா ஒர்தென்சியா, சுல்மா."

"இன்னிக்கு எதுக்கு வந்தே? இன்னிக்கு உன் சனிக்கிழமை இல்லியே!"

"ஒரே ஒரு போட்டோ."

"நான் குளிச்சுக்கிட்டு இருக்கேன். அப்புறம் வா."

ஆனால் அந்தக் கதவு மழைக்காலத்திலிருந்தே சட்டத்தில் உட்காருவதில்லை. அது தானாகத் திறந்துகொண்டது. ஒர்தென்சியா பாவாடை அடுக்குகளைத் தூக்கிச் செருகிக்கொண்டு முக்காலியின் மேல் நின்றாள். ஒரு கையில் கிண்ணம், மறு கையில் தோசைத் திருப்பி போன்ற ஒரு கரண்டி. சுவரில் அவளுடைய ஞானப்பிள்ளை நடுவில் பிளந்து, விரல் நுழையும் இடைவெளியோடு கிடந்தது.

"பாத்துட்டியா? நீ பாக்கக் கூடாதுன்னுதானே சொன்னேன். கொஞ்சம் வெளிய நில்லு, காய்ஞ்சதும் கூப்பிடறேன்."

"தோன்யா... இது எப்ப உடைஞ்சது?"

"இதுவா? இது எப்பவும் உடையறதுதான். நீ கவலப்படாத."

"எப்பவும்னா?"

"மழைல வாரா வாரம். இப்ப பரவால்ல, அடங்கியிருக்கு. நான் விட்டுருவேனா? தூக்கி வச்சுப் பேரு வச்ச பிள்ளை இல்லியா? உடைஞ்சு கிடக்கிறத நீ வந்து பாத்தா, அப்புறம் வாத்தியாருங்க உன்னைப் பெயிலாக்கிட்டா எங்க மூஞ்சிய எங்க கொண்டு வைக்கிறது?"

சுல்மா பிளவுக்குள் விரலை விட்டுப் பார்த்தாள்.

"எல்லார் வீட்டுலயும் இப்படித்தானா?"

"பின்ன? நடுவுல உடைஞ்சா அவங்கவங்களே பூசிப்போம். நீ வர்றதுக்கு மொத நாள் வெள்ளிக்கிழமை ஒரே வாளில கலக்கி எல்லாருக்கும் பிரிச்சுக் குடுப்போம். வாங்கிப் பூசாதவங்களுக்குச் சங்கத்துல அபராதம். தேதி எழுதறது எங்க வீட்டுக்காரர். உன் கையெழுத்து அவருக்கு அச்சு அசலா வரும்." ஒர்தென்சியா பெருமையோடு குரலைத் தாழ்த்தினாள். "கலக்கறது உங்கம்மா. கட்டி தட்டாம கலக்க இந்த ஊருல அவள விட்டா யாரு இருக்கா?"

மினிபஸ் நிறுத்தத்தில் கடைசிக் குவளை ஆப்பியை விற்றுக்கொண்டிருந்த பெத்ரோனா, மகள் முகத்தைப் பார்த்ததுமே கரண்டியைக் கீழே வைத்தாள்.

"சொல்லிட்டாளா அந்த ஓட்டை வாய்?"

"ஏம்மா இப்படிப் பண்ணே?"

"எல்லாரும் அவங்கவங்க வீட்டுல பூசும்போது என் மக சாட்சி மட்டும் உடைஞ்சு கிடக்கணுமா?"

"அது உடையணும்மா. உடையறதுக்குத்தான் வைக்கிறது."

"உடையறதுக்குன்னு யாராவது ஒரு பொருளைச் செய்வாங்களா? நீ வச்சே. நாங்க காப்பாத்தினோம். அவ்வளவுதான். சனிக்கிழமை போய்ப் பட்டத்த வாங்கு."

"வாங்கினா மண்டபம் கட்டுவாங்க."

"கட்டட்டும். மண்டபம் வந்தா எனக்கு யாவாரம் வரும்."

"மண்டபம் உன் பின்னறைக்குள்ளயே வரும்மா."

 பெத்ரோனா அண்டாவை வழித்துக் கழுவ ஆரம்பித்தாள். மினிபஸ்ஸில் வீடு திரும்பும்போது சுல்மா கணக்குப் போட்டுப் பார்த்தாள். சொன்னால் பட்டம் போகும், தெரு பகையாகும். சொல்லாவிட்டால் அம்மா தலைமேல் இரண்டு மாடிக் கான்கிரீட். இதற்கு நான்கு நிறத்தில் எந்த நிறம் அடிப்பது என்று துறையில் யாரும் சொல்லித்தரவில்லை.

தேர்வு நாளில் ஆல்டோ மிராசோல் மொத்தமும் பல்கலைக்கழக அரங்கில் வந்து உட்கார்ந்தது. பெண்கள் புதுச் சால்வையும் வட்டத் தொப்பியுமாக வந்திருந்தார்கள். மடியில் பூமாலை, பையில் காகிதத் துணுக்கு. வாசலில் பாண்டுக்காரர்கள் ஊதுகுழலைத் துடைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். மேடையில் உர்கிதி, பக்கத்தில் வெளியூரிலிருந்து வந்த தேர்வாளரான பொறியாளர் வில்மா தெர்ரசாஸ். களத்துக்குப் போகும் சேறு படிந்த பூட்ஸோடு வந்திருந்த ஒரே ஆள் அவர்தான்.

சுல்மா முன்னுரை, முறை எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொன்னாள். முடிவுகள் பகுதி வந்தது. திரையில் அசைவே இல்லை என்று காட்டும் ஒரு நேர்கோடு. அவள் தண்ணீர் குடித்தாள்.

"இதுல இருக்கிறது எல்லாமே தப்பு" என்றாள். "சாட்சிகள் உடைஞ்சிருக்கு. உடைஞ்சதை நான் பார்க்கறதுக்கு முன்னாடி திரும்பப் பூசியிருக்காங்க."

உர்கிதி கண்ணாடியைக் கழற்றினார்; திரும்ப மாட்டிக்கொண்டார்.

"யார் பூசினது?" என்று கேட்டார் தெர்ரசாஸ்.

"சாட்சிகளோட ஞானப்பெற்றோர்தான்."

கூட்டத்தில் சலசலப்பு. காசிமிரோ எழுந்து தொப்பியைக் கழற்றினார். "தப்பா நினைக்கக் கூடாது இஞ்சினியர் அம்மா. அது திருத்தல் இல்ல, பராமரிப்பு."

"ஓஹோ. உங்க வீட்டுல எத்தனை தடவை பராமரிச்சீங்க?"

காசிமிரோ வாயைத் திறப்பதற்குள் ஒர்தென்சியா எழுந்துவிட்டாள். "மழைக்காலத்துல வாரம் தவறாம பூசினேன். ஒரு வாரம் காய்ச்சலோட ஏறிப் பூசினேன், கேட்டுப் பாருங்க."

இவ்வளவுதான் வேண்டியிருந்தது. "காய்ச்சலோட ஏறினியா? நான் கால் சுளுக்கோட ஏறினேன்!" என்று எழுந்தாள் எதிர்வீட்டுக்காரி. "அவங்களாவது வாரத்துக்கு ஒண்ணு. எனக்கு வாரத்துக்கு ரெண்டு" என்றார் கடைசி வரிசையிலிருந்து ஒரு தையற்காரர். "உங்க பிள்ளைதான் அடங்காதது, எங்க பிள்ளை சாது, மாசத்துக்கு ஒரு தடவைதான்" என்று தெரு ஓரத்து வீட்டுக்காரி ஒருத்தி வெட்கத்தோடு சொன்னதும், "பேரு வச்சதோட மறந்துட்டா போல" என்று நாலு பேர் சிரித்தார்கள்.

தெர்ரசாஸ் சிவப்புப் பென்சிலை எடுத்துக்கொண்டு, சுவரில் தொங்கிய தெரு வரைபடத்துக்கு முன்னால் போய் நின்றார். ஒவ்வொருவரும் சொல்லச் சொல்ல அவரவர் வீட்டின் மேல் புள்ளி வைத்தார். அடிக்கடி பூசியவர்களுக்குப் பெரிய புள்ளி. ஓரங்களில் சின்னச் சின்னதாகவும், நடுவில் தடித்தும் புள்ளிகள் விழுந்தன. பெருமை பேசி முடித்தபோது, காலி மனையிலிருந்து கீழே இறங்கும் ஒரு சிவப்புக் கோடு எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது.

காசிமிரோவுக்கும் தெரிந்தது. அவர் நெற்றியைத் துடைத்தார்.

"அம்மா, இவங்க கொஞ்சம் கூட்டிச் சொல்றாங்க. என் வீட்டுக்காரியே பாதியாக் குறைச்சுக்கலாம்."

"நானா கூட்டிச் சொன்னேன்?" ஒர்தென்சியா இடுப்பில் கை வைத்தாள். "அப்ப நான் பிள்ளையைக் கவனிக்காதவளா?"

"மண்டபத்த நினைச்சுப் பாருடி!"

"மண்டபத்துக்கு வேற யாராவது குறைச்சுக்கட்டும். தையற்காரர் குறைக்கட்டும்."

தையற்காரர் கையைக் கட்டிக்கொண்டார். காசிமிரோ வரிசை வரிசையாகப் போய்க் காதில் கெஞ்சினார். மண்டபம் எல்லோருக்கும் வேண்டும்தான். ஆனால் இத்தனை பேர் முன்னிலையில், ஞானப்பிள்ளையை உடைந்தபடி போட்டிருந்தேன் என்று சொல்ல அந்தக் கூட்டத்தில் ஒருவரும் தயாராக இல்லை.

"கோட்டுக்கு மேல்முனையில ஒரு வீடு மிச்சமிருக்கு" என்றார் தெர்ரசாஸ். "அது யாருது?"

பெத்ரோனா கடைசியில் எழுந்தாள். மாலை மடியிலிருந்து நழுவியது.

"என்னுது. நான் எண்ணி வைக்கல அம்மா. காலைல கஞ்சிக்குத் தண்ணி வைக்கும்போதே பிளாஸ்டரும் கொஞ்சம் கலக்கிருவேன்."

"தினமுமா?"

"சில நாள் சாயந்திரமும்."

யாரும் சிரிக்கவில்லை. காலி மனைக்குக் கீழே தெர்ரசாஸ் வைத்த புள்ளி வீட்டையே மூடிவிட்டது.

தீர்ப்பு சொல்ல அதிக நேரம் எடுக்கவில்லை. தேர்ச்சியும் இல்லை, தோல்வியும் இல்லை. ஆறு மாதம் புதிய சாட்சிகள் வைத்துத் திரும்பப் பார்க்க வேண்டும், ஞானஸ்நானம் கூடாது. "சமூகப் பங்கேற்பைச் சற்றுக் குறைத்துக்கொள்ளலாம்" என்றார் உர்கிதி. எழுந்து போகும்போது தெர்ரசாஸ் சுல்மாவின் தோளில் தட்டி, "இவ்வளவு சத்தமா நகர்ற சரிவை நான் பார்த்ததில்ல" என்றார்.

வெளியே பாண்டு வாசித்தது. பேசிய கூலிக்கு வாசித்தே தீருவோம் என்றார்கள் வாத்தியக்காரர்கள். காகிதத் துணுக்கையும் தூவினார்கள். "கொண்டுவந்தத திருப்பியா கொண்டு போக முடியும்?" என்று சொல்லி ஒர்தென்சியா ஒரு பை முழுவதையும் சுல்மாவின் தலையில் கவிழ்த்தாள். அவள் கணவர் மட்டும் தூரத்தில் நின்று சரவிளக்கு இல்லாத வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கட்டடப் பொறியாளர் கையெழுத்துப் போடவில்லை. காசிமிரோ சில வாரம் பெத்ரோனாவிடம் ஆப்பி வாங்காமல் எதிர்க்கடையில் காபி குடித்தார். அந்தக் காபி மோசம் என்பதால் கோபம் நீடிக்கவில்லை. பிறகு சங்கம் கூடிப் புதிய தீர்மானம் போட்டது: சாட்சியைத் தொட்டவருக்கு அபராதம். பூசாதவருக்கு அபராதம் என்ற பழைய தீர்மானத்தை நீக்க எல்லோரும் மறந்துவிட்டதால், இப்போது இரண்டும் அமலில் இருந்தன.

சுல்மா சாராயமும் பெயரும் இல்லாமல், அநாதைகளாகப் புதிய சாட்சிகளை ஒட்டினாள். தெருக்காரர்கள் அவற்றைக் கடக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

முதல் பெருமழை பெய்த காலை அவள் துறையில் இருந்தபோது கைபேசி அடித்தது.

"சுல்மா, உடைஞ்சிருச்சு."

"எது?"

"பின்னறைலது. சட்டுனு ஒரு சத்தம். நான் தொடல. கையை மடக்கி உக்காந்திருக்கேன். பிளாஸ்டர் கிண்ணத்த ஒர்தென்சியாகிட்ட குடுத்தனுப்பிட்டேன்."

"அம்மா, அண்டாவையும் படுக்கையையும் முன்னறைக்கு மாத்து. அப்புறம் இந்தச் சரிவ விட்டுத் தள்ளி, சித்தி வீட்டுக்குப் போ. நான் வர்றேன்."

"மாத்தியாச்சு. கோழியையும் கொண்டு போயாச்சு." பெத்ரோனா குரலைத் தாழ்த்தினாள். "இப்பவாவது பாஸா?"

"ஆயிடும் போலிருக்கும்மா."

"என் வீட்டு சுவரு வெடிச்சா உனக்கு மார்க்கு. என்ன படிப்புடி இது!" என்று சொல்லிவிட்டு, பெத்ரோனா முதல் தடவையாக வாய்விட்டு அழுதாள்.